மண்மேட்டைக் கிளறும் முன் எங்கள் நெஞ்சைப் படம் எடுங்கள்: கோலார் தங்கவயலிலிருந்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சுரங்கத் துறை அமைச்சர் அவர்களுக்கும், கர்நாடக முதலமைச்சர் அவர்களுக்கும், தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

கோலார் தங்கவயலில் இருக்கும் 13 சயனைடு மண்மேடுகளை, அதாவது தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடுகளை, கிளறி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒன்றிய அரசு ஒரு திட்டம் வைத்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அதற்கு இசைவு தந்தது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஏறத்தாழ 3.3 கோடி டன் மண். அதில் எத்தனை டன் தங்கம் தேறும் என்று அன்றிலிருந்து ஆளாளுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த மண்ணைப் பாறையாக உடைத்து மேலே அனுப்பியவர்களின் நெஞ்சில் எவ்வளவு மண் தங்கிவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் மாரிகுப்பத்தில் பிறந்தவள். தாத்தா, அப்பா இருவரும் நிலத்தடியில் உழைத்தவர்கள். தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன், அவரை வேறு பெயரில் எனக்குத் தெரியாது.

நைனா இருபத்திரண்டு வருடம் கேஜில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில், இறங்கி ஏறினார். பாறையில் டிரில் அடிக்கிற வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அன்று அவருக்கு இருமல்கூடக் கிடையாது. கைக்கு வந்த பணத்தில் அக்கா கல்யாணத்தை முடித்தார். பிறகு ஊரில் பாதிப் பேரைப் போல விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். நிலத்துக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்வந்த மனிதருக்கு, அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. எங்களுக்கு முதலில் தெரிந்தது அதுதான். அது 2005.

எங்கள் வீட்டிலிருந்து தெருக் குழாய்க்கு நாற்பது அடி இருக்கும். 2008இல் நைனா ஒரு குடத்தோடு அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் வந்துவிடுவார். 2010இல் நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் கையை வைத்து, யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வார். 2012இல் வெறுங்கையோடு போகவே நான்கு முறை நின்றார். கடைசி மாதங்களில் குழாயே அவருக்குத் தூரத்து ஊராகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். சுண்ணாம்புச் சுவரில் அவர் முதுகு பட்ட இடம் இன்றும் எண்ணெய்க் கறையாக இருக்கிறது. அம்மா வெள்ளையடிக்க விடுவதில்லை.

இந்த ஆண்டுகளில் ஒரு மருத்துவமனையில் மூன்று முறை அவருக்குக் காசநோய் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். சளிச் சோதனையில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. ஆனாலும் எக்ஸ்-ரேயில் மேல்பகுதியில் நிழல் இருந்தது, மருந்து எழுதினார்கள். மாத்திரையில் வயிறு வெந்து, சிறுநீர் சிவந்து, சோறு இறங்காமல் கிடந்தார். பீடி குடிப்பாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். குடிப்பார் என்று நாங்கள் சொன்னதும் கேள்வி முடிந்துவிடும். என்ன வேலை செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2011இல் வேறொரு ஊரில், பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார். நைனா, “மைன்ஸ்மா, டிரில்லிங்” என்றார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, படத்தை மறுபடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சீட்டில் ஒரு சொல் எழுதினார். சிலிகோசிஸ். அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேர, சுரங்கம் மூடி பத்து வருடம் ஆகியிருந்தது.

நைனா 2013 தையில் போய்விட்டார். இறப்புச் சான்றிதழில் இதயமும் நுரையீரலும் செயலிழந்தன என்று இருக்கிறது. செத்துப்போகிற எல்லோருக்கும் அந்த இரண்டும் நிற்கத்தானே செய்யும்.

ஐயா, இந்த நோய் என்ன செய்யும் என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். இருந்தாலும் எங்கள் மொழியில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தங்கம் தனியாகக் கிடைப்பதில்லை, குவார்ட்ஸ் என்கிற வெள்ளைப் பாறைக்குள் இழையாக ஓடும். துளைத்து, வெடிவைத்து, உடைத்து, மாவாக அரைத்தால்தான் கைக்கு வரும். அப்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பொடியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியது, அதுதான் நுரையீரலின் அடியில் இருக்கிற காற்றுப்பை வரை இறங்கிவிடுகிறது. அதை விழுங்க உடம்பு அணுக்களை அனுப்புகிறது. விழுங்கிய அணு அதைச் செரிக்க முடியாமல் செத்துப்போகிறது. சாகும்போது அது கக்கிவிடுவதில் சுற்றியிருக்கிற சதை புண்ணாகித் தழும்பாகிறது. துகள் அங்கேயே கிடக்கிறது. அடுத்த அணு வருகிறது, அதுவும் சாகிறது. இப்படி முடிச்சு முடிச்சாகத் தழும்பு விழுந்து, முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து, பஞ்சு போல இருந்த நுரையீரல் தேங்காய் நார் போல ஆகிறது. இதைத் திருப்புகிற மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. இந்த நுரையீரலில் காசநோய்க் கிருமியும் எளிதாகக் குடியேறிவிடும். அதனால் காசநோய் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசநோய் என்று எழுதிவிட்டு அதோடு விசாரணையை நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தூசியை விட்டு வெளியே வந்தபிறகும் இது நிற்காது. வேலையில் இருந்தபோது எடுத்த கடைசிப் படத்தில் ஒன்றுமில்லை என்றிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து, இருபது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். தலைகாட்டியபின் வளர்ந்துகொண்டே போகும். சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டதால் நோய்க்குப் பூட்டு விழவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1940களில் இதே தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சிலிகோசிஸ். நூற்றுக்கு நாற்பத்து மூன்றுக்கு மேல். அந்த அறிக்கை 1947இல் வந்தது, நாடு விடுதலை பெற்ற அதே வருடம். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் கேப்லன் பிறகு வேல்ஸுக்குப் போய் நிலக்கரித் தொழிலாளர்களின் படங்களைப் பார்த்தார். மூட்டுவாதமும் தூசி நோயும் சேர்ந்திருந்தவர்களின் நுரையீரலில் வட்ட வட்டமாக நிழல் தெரிவதை 1953இல் எழுதினார். இன்று மருத்துவ மாணவர்கள் அதைக் கேப்லன் சிண்ட்ரோம் என்று படிக்கிறார்கள். எங்கள் தாத்தாக்களின் நெஞ்சைப் பார்த்துப் பழகிய கண் அது. பாடப்புத்தகத்துக்கு இவ்வளவு கொடுத்த ஊருக்கு, மூடியபின் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருக்கக் கூடாதா?

பழி வெள்ளைக்காரக் கம்பெனியோடு போயிற்று என்று சொல்லவும் வழியில்லை. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் ஒன்றிய அரசிடம் வந்தது. 1972இலிருந்து அது பொதுத்துறை நிறுவனம். நைனா ஒரு நாள்கூடத் தனியார் முதலாளியிடம் டிரில் அடிக்கவில்லை. அவருடைய முதலாளி நீங்கள்தான். அவருடைய பாதுகாப்பைக் கவனிக்க வேண்டிய ஆய்வாளரும் நீங்கள்தான், இழப்பீட்டுச் சட்டம் எழுதியவரும் நீங்கள்தான்.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா இறந்தபிறகு ஒரு அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவரும் இல்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேலையை விட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள நோய் தெரிஞ்சிருக்கணும்மா, உங்களுக்குப் பத்து வருஷம் ஆயிடுச்சே” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். வெளியே வந்தபிறகு, “நோய்க்குத் தேதி சொல்லி அனுப்பியிருந்தா சீக்கிரமா வரச்சொல்லியிருப்பேனே” என்றாள்.

அவர் சொன்னது அப்போதைய சட்டத்தில் இருந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிஸைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. நிலக்கரித் தூசியும் பாறைத் தூசியும் கலந்து வருகிற ஆந்த்ராகோ-சிலிகோசிஸும் அதே வரியில் இருந்தது. ஆனால் வேலையை விட்டுப்போனவருக்கு, விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால் அதை வேலையால் வந்ததாகக் கொள்ளலாம் என்று பத்தாம் பிரிவு பேசியது. நோய் எடுத்துக்கொள்கிற காலம் பத்து, இருபது வருடம். சட்டம் கொடுத்த காலம் இரண்டு வருடம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள ஆணையருக்கு அதிகாரம் இருந்தது என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படித்து, வக்கீல் வைத்து, ஆணையர் வரைக்கும் போகிற விதவைகள் எங்கள் லைனில் எத்தனை பேர்? முதல் மேஜையிலேயே திரும்பிப் போனவர்கள்தான் அத்தனை பேரும்.

வேலையில் இருக்கிறவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை நடக்க வேண்டும் என்கிறது சுரங்க விதி. கேட்டைத் தாண்டி வெளியே வந்தவரை அப்படித் தேடிவந்து சோதிப்பவர் யாரும் இல்லை. எந்த வயதில் நோய் வெளியே வருமோ அந்த வயதில் பார்ப்பதை நிறுத்திவிட்டால், நோயாளிகள் குறைவு என்று வருடாவருடம் அறிக்கை எழுதலாம். அந்தக் குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பிரச்சினையே இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் எங்கள் தெருவில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிற பெண்களை வரிசையாக நிறுத்திக் கேட்டுப்பாருங்கள், அவர்கள் கணவன்மார் எப்படிப் போனார்கள் என்று. “இழுப்பு” என்பார்கள், “டிபி” என்பார்கள், “மைன்ஸ் சளி” என்பார்கள். மூன்றும் ஒரே மூச்சுத்திணறல்தான்.

இன்னொன்று. சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வுக்கென்றே 1990இல் ஒன்றிய அரசு ஒரு தேசிய நிறுவனம் தொடங்கியது. அதன் பதிவு அலுவலக முகவரி கோலார் தங்கவயல். ஆய்வகம் நாக்பூரில். 2019இல் அதைக் கலைத்து ஆமதாபாத்தின் தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தோடு இணைக்க ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. இணைப்பதால் நன்மை உண்டோ என்னவோ, நான் நிர்வாகம் தெரிந்தவள் இல்லை. ஆனால் எங்கள் ஊர் முகவரியைத் தன் பெயர்ப்பலகையில் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் எக்ஸ்-ரே வண்டி ஒருநாள்கூட எங்கள் லைனுக்குள் வந்து நான் பார்க்கவில்லை. நைனா அதன் பெயரைக் கேள்விப்படாமலே போய்விட்டார்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் எங்களைப் போலவே தங்கம் வெட்டியவர்களும் அவர்களுடைய விதவைகளும் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்றது. ஆறு கம்பெனிகள் சேர்ந்து 500 கோடி ராண்ட் ஒதுக்கின. 1965 மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சுரங்கங்களில் நிலத்தடியில் வேலை செய்து, சிலிகோசிஸோ காசநோயோ வந்தவர்கள் கேட்கலாம்; இறந்துபோயிருந்தால் குடும்பம் கேட்கலாம். அந்தத் தொழிலாளர்களில் ஏராளமானோர் லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்து உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். எல்லை தாண்டிப்போய் அவர்களைத் தேட வேண்டியிருந்தது. நீங்கள் எங்களைத் தேட எல்லை தாண்ட வேண்டாம். மாரிகுப்பத்துக்கு ரயில் வருகிறது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பக்கத்து ஆதிவாசிகள் குஜராத்தின் குவார்ட்ஸ் அரவை ஆலைகளில் வேலை செய்து, ஊர் திரும்பி, மூச்சடைத்து இறந்தார்கள். அப்படி இறந்த 238 பேரின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கக் குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. ராஜஸ்தானில் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக 2019இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், அதோடு மாத ஓய்வூதியம். அந்தத் தொகை போதும் என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் வாங்கி, கரண்டு பில் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நோய்க்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு சீட்டும், அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் அங்கே இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலில் இந்த நோய் பதிவான ஊர்களில் ஒன்றான எங்களுக்கு அது இல்லை.

இப்போது மண்மேட்டுக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அது சினிமா எடுக்கிற இடம். எங்களுக்கு அது ஆடி மாதம். காற்று திரும்பியதும் மேட்டின் உச்சியில் வெள்ளையாகப் புகை கிளம்பும். உடனே தெருவில் குரல் கேட்கும், “துணியை எடு, சோத்தை மூடு.” எவ்வளவு மூடினாலும் தட்டில் கை வைத்தால் நறநறக்கும். வாசல் திண்ணையில் விரலால் பெயர் எழுதலாம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்படித்தான் நாங்கள் விளையாடினோம். அந்த மண் வெறும் மண் இல்லை. ஆலையில் மாவாக அரைத்து, சயனைடில் ஊறவைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய குவார்ட்ஸ் பொடி. நைனா ஆழத்தில் மூச்சிழுத்த அதே பாறை, இன்னும் நைசாக அரைபட்டு, எங்கள் ஓட்டுக்கு மேலே குவிந்திருக்கிறது. அதைப் பொக்லைன் வைத்துத் தோண்டி, லாரியில் ஏற்றி, மறுபடி அரைக்கப் போகிறீர்கள். தோண்டப்போகிறவர்கள் யார்? வேலையில்லாமல் பெங்களூருக்கு ரயிலேறுகிற எங்கள் பிள்ளைகள்தான் ஒப்பந்தக் கூலியாக வருவார்கள். உள்ளூரிலேயே வேலை என்றால் நான் மகிழ்ச்சியடைவேன். தாத்தா, நைனா, தம்பி மகன் என்று மூன்றாம் தடவையும் அதே வரிசையில் போய் நிற்பதைப் பார்க்க மட்டும் எனக்குத் தெம்பில்லை.

தங்கத்துக்காக எதையும் செய்து காட்டிய ஊர் இது. 1902இலேயே தொண்ணூறு மைலுக்கு அப்பால் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, காடு மேடு தாண்டிக் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் விரல் ரேகைப் பதிவுக்கு எதிராக 1930இல் வேலைநிறுத்தம் செய்யுமளவுக்கு, ஒவ்வொரு கூலியையும் அடையாளம் வைத்துக்கொள்ள நிர்வாகம் துடித்தது. அவ்வளவு பதிவு வைத்திருந்த இடத்தில், நிலத்தடியில் வேலை செய்தவர்களின் பட்டியல் இன்று கிடைக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எனவே, நாங்கள் கேட்பது இவைதான்.

மண்மேட்டில் முதல் பொக்லைன் இறங்கும் முன், நிலத்தடியிலும் அரவை ஆலையிலும் வேலை செய்து இன்றும் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சோதியுங்கள். ஒரு நாள் முகாம் போட்டு, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போவதல்ல நான் கேட்பது. தூசிநோய்ப் படங்களைப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் வர வேண்டும்; எக்ஸ்-ரே, மூச்சு ஊதிப் பார்க்கிற சோதனை, சளிச் சோதனை மூன்றும் வேண்டும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க நடக்க வேண்டும். தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்துக்குப் பெங்களூரிலேயே மண்டல மையம் இருக்கிறது, அங்கிருந்து எங்கள் ஊர் ஒரு ரயில் தூரம். சென்னைக்கும் வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் பிழைக்கப் போய்விட்டவர்களுக்கும் சேதி போகிற மாதிரி தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அறிவியுங்கள்.

சோதனை செய்த அன்றே படமும் முடிவும் தொழிலாளியின் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

இறந்துபோனவர்களின் குடும்பத்திடம் எக்ஸ்-ரே எங்கே, சான்றிதழ் எங்கே என்று கேட்டு விரட்டாதீர்கள். இத்தனை வருடம் நிலத்தடியில் வேலை செய்தார், மூச்சுத்திணறலிலோ காசநோயிலோ இறந்தார் என்று பணிப் பதிவும் அக்கம்பக்கத்துச் சாட்சியும் இருந்தால் அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

இரண்டு ஆண்டு வரம்பைத் தொழில்நோய்களுக்கு எடுத்துவிடுங்கள். பழைய சட்டத்தில் இருந்தாலும், இப்போதைய சட்டத் தொகுப்பில் வேறு எண்ணோடு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து காலம் கணக்காகட்டும். இது எங்களுக்காக மட்டும் கேட்பதில்லை. ஜரியாவிலும் சிங்கரேணியிலும் நிலக்கரி வெட்டி ஓய்வுபெற்றவர்களும், பணிப்பதிவேட்டில் பெயரே இல்லாமல் ஒப்பந்தக்காரரிடம் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் இதே இரண்டு வருடக் கதவில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கர்நாடக முதலமைச்சர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. ராஜஸ்தானைப் போல நமக்கும் ஒரு தூசிநோய்க் கொள்கை வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே 2015இல் சட்டம் போட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியிருக்கிறார்கள். கோலாருக்கு வருகிற அந்த நிதியில் முதல் பங்கு நுரையீரலுக்குப் போகட்டும். மண்மேட்டுத் தங்கத்திலிருந்து அரசுக்கு வரும் வருவாயிலும் ஒரு பங்கை, டெண்டர் விடும்போதே எழுத்தில், இந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்குங்கள். ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிற வீட்டுக்கு மின்கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்.

மண்ணைத் தொட்டே தீருவது என்றால், ஈரமில்லாமல் ஒரு கூடை மண்ணையும் நகர்த்தக் கூடாது. அரைப்பதும் கொண்டுபோவதும் மூடிய அமைப்பில் நடக்க வேண்டும். எங்கள் லைன்களுக்குள்ளேயே காற்றில் சிலிகா, அதாவது குவார்ட்ஸ் தூசி, எவ்வளவு என்று அளக்கிற கருவியை வையுங்கள். அந்த அளவை அன்றன்றைக்குத் தெருமுனையில், எங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிப்போடுங்கள். அளவு மீறிய நாளில் வேலையை நிறுத்துகிற அதிகாரம் ஒப்பந்தக்காரரிடம் இல்லாமல் சுரங்க ஆய்வாளரிடம் இருக்கட்டும். அங்கே வேலைக்குச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சையும் சேரும் நாளில் படம் எடுத்து வையுங்கள். வேலையை விட்ட பிறகும் அவனைத் தேடிவந்து எடுங்கள்.

நைனாவின் படங்கள் மொத்தம் ஒன்பது. காக்கி நிற உறையில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அவர் வேட்டிக்கு அடியில் இருக்கின்றன. பூசணம் பிடிக்காமல் இருக்க வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துகிறாள். 2005இல் எடுத்த படத்தையும் 2012இல் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டாக்டர் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். எங்கே, எந்த நாளில், யாரிடம் காட்ட வேண்டும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு அத்தனை படத்தையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்